சுரங்கத்தின் அந்தப் பக்கம்

யாராவது எங்கேயாவது புறப்படுகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், அவர் கையிலிருக்கும் துணியைக் கீழே வைத்துவிடுவார். "மொதத் தடவையா போறீங்க?" என்று கேட்பார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அடுத்த பத்து நிமிடம் அந்த ஆள் அவர் வசம்.

திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் நாங்கள் வேலை பார்த்தோம். அவர் செக்கிங், நான் அயர்ன். அவர் மேசைக்கும் என் மேசைக்கும் நடுவில் ஒரு தூண்தான். கண்ணாடி மேசைக்கு அடியில் லைட் எரியும். துணி அதன்மேல் நகர்ந்துகொண்டே போகும். ஓட்டை, கறை, நூல் விட்ட கோடு எல்லாவற்றுக்கும் அவர் சாக்பீஸில் வட்டம் போடுவார். வாயும் கையும் வேறு வேறு ஆளுடையவை போல இருக்கும். பேசிக்கொண்டே இருப்பார், வட்டம் மட்டும் தப்பாது.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவரிடம், "சீட்டு எழுதற எடத்துல நேரா போயி நின்னராதீங்க. மொதல்ல வெளிய வர்றவங்க மூஞ்சியப் பாருங்க. எந்த ரூமுலிருந்து வர்றவங்க மூஞ்சி தெளிவா இருக்குதோ அந்த டாக்டருகிட்டப் போங்க" என்பார். கல்யாணத்துக்குப் போகிறவரிடம், "பந்தியில மொத எலையில உக்காராதீங்க. பரிமாறறவருக்கு அப்பத்தான் கை பழகும். ஆறாவது எலையிலதான் அளவு சரியா விழுகும்" என்பார். முதல்முறையாகத் தனியாக ஊருக்கு ரயில் ஏறிய ஒடிசாக்காரர் ஒருவருக்கு, பாஷை தெரியாததால், அட்டைப் பெட்டியைக் கிழித்துப் படம் போட்டுக் காட்டினார். எல்லார் பையும் ஒரே மாதிரி இருக்கும் என்று அவர் பையின் கைப்பிடியில் ஆரஞ்சு நிற வேஸ்ட் துணியை முடிந்தும் விட்டார். இரண்டு மாதம் கழித்து அந்த மனிதர் திரும்பி வந்தபோது முடிச்சு அப்படியே இருந்தது.

ஓவர்லாக் தைக்கும் அக்கா ஒருவர் வாய்த்துடுக்கு. ஒருநாள் டீ நேரத்தில், "நாளைக்கு எமன் வந்து நின்னாலும், ஏனுங்க, எருமையில எந்தப் பக்கம் ஏறோணும்னு இவருகிட்டக் கேட்டுத்தான் கூட்டீட்டுப் போவானுங்க" என்றார்.

அவர் டீயை ஊதிக்கொண்டே, "எடது பக்கமுங்க. வலது பக்கம் கயிறு கெடக்கும்" என்றார்.

செக்ஷன் முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட திருப்திதான் முகத்தில் இருந்தது.

இத்தனை பேருக்கு வழி சொல்லுகிறவர் தான் எங்கேயும் போகமாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அறையிலேயே இருப்பார். மனைவி இறந்து சில வருடம் ஆகியிருந்தது. மகளை அவிநாசிபாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். என் அறை அவர் அறைக்கு இரண்டு தெரு தள்ளி. நான் குன்னத்தூர்ப் பக்கத்துக்காரன், எனக்குக் கல்யாணம் அமையவில்லை. ஐந்தாவது வரை படித்தேன். படிப்பில்லாததால் பேச்சு வரவில்லை என்று சொல்லமாட்டேன். என்னைவிடக் குறைவாகப் படித்தவர்கள் நன்றாகவே பேசுகிறார்கள். எனக்கு வராது, அவ்வளவுதான். சொல்ல நினைப்பது தொண்டை வரை வரும். அங்கே பாதி நின்றுவிடும்.

பேசாத ஆளைப் பேசுகிறவர்களுக்குப் பிடிக்கும் போலிருக்கிறது. அவர் தூணைத் தாண்டி என்னிடம்தான் அதிகம் பேசினார். அதில் பாதி, கோயமுத்தூரில் வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் சின்ன ரயில் கண்காட்சியைப் பற்றி இருக்கும். பெரிய மண்டபம் ஒன்றில் மேசையோடு மேசையாகப் போட்டு, மலையும் ஆறும் ஊரும் செய்து, நடுவில் தண்டவாளம் ஓட்டி, முழங்கை நீளத்துக்கு ரயில் விடுவார்களாம். பிளாட்பாரத்தில் அரிசி அளவு ஆட்கள் நிற்பார்களாம். "கூலிக்காரர் தலையில பொட்டி இருக்குமுங்க. அந்தப் பொட்டிக்குப் பூட்டும் இருக்குமுங்க" என்பார். அவர் மனைவியோடு ஒரே ஒரு தடவை போயிருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பேச்சைக் கேட்டால் வருடா வருடம் போகிறவர் போலத்தான் இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை தூணைச் சுற்றிக்கொண்டு என் மேசைக்கே வந்தார். அவர் இடத்தை விட்டு எழுந்து வந்து பேசியது அதுதான் முதல்முறை.

"ஞாயித்துக்கிழம கோயமுத்தூர்ல சின்ன ரயிலு போட்டிருக்கறாங்க. பாக்கலாங்களா?"

நான் அயர்ன் பெட்டியைப் பார்த்துக்கொண்டே, "பாக்கலாங்க" என்றேன்.

எங்கள் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேராக 'இல்லை' என்று சொல்வதில்லை. பொண்ணு கேட்டு வந்தாலும் சரி, தோட்டம் காட்டு வேலைக்கு ஆள் கேட்டு வந்தாலும் சரி, முடியாது என்பதற்கு 'பாக்கலாங்க' என்றுதான் சொல்வோம். கேட்டவர்களும் புரிந்துகொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். அத்தனை கூட்டத்துக்குள் ஒரு மனிதரோடு நாள் முழுக்க என்ன பேசுவது என்று எனக்குப் பயம். ஆனால் அவர் கேட்டதும் அதே வார்த்தைதான். ரயில் பார்க்கலாமா என்று கேட்டார், பார்க்கலாம் என்று நான் சொல்லியிருக்கிறேன். இது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் துணி துவைத்தேன். திங்கட்கிழமை அவர் வழக்கம்போல வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை பேக்கிங் பெண் ஒருத்தி என் மேசையில் பீஸ் எடுக்க வந்தவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அண்ணா, ஞாயித்துக்கிழம எங்கம்மா ஊட்டுக்குப் போறதுக்கு டேசனுக்குப் போயிருந்தனுங்க. செக்கிங் அய்யன் அங்க உக்காந்திருந்தாருங்க. மடியில சோத்துத் தூக்குப்போசி, கையில ரெண்டு டிக்கெட்டு. எம் முன்னாலயே கோயமுத்தூர் வண்டி ரெண்டு போச்சு. ஏறலீங்களான்னு கேட்டேன். நம்ம அயர்ன்காரரு வர்றேன்னிருக்கறாரு, வந்துருவாருன்னாருங்க."

நான் அந்தப் பீஸைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். "அண்ணா, கருகுது" என்று அவள்தான் பெட்டியைத் தூக்கினாள்.

அன்றைக்கே தூணைத் தாண்டிப் போய்ச் சொல்லியிருக்கலாம். 'தப்பா நெனச்சுக்காதீங்க, எனக்குப் புரியலீங்க' என்று சொன்னால் முடிந்தது. ஒரு வருடம் சொல்லாமல் இருந்தேன். அவரும் என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. ஆனால் வாங்க, போலாம் என்று எதற்கும் கூப்பிடவில்லை. டீக்கடைக்குப் போகும்போதுகூட, "நானு போயிட்டு வந்தர்றனுங்க" என்பார்.

மறு வருடம் கண்காட்சி நெருங்கியபோது, இந்தத் தடவை நானே கூப்பிட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். 'நாம போலாங்க' என்று இரண்டே வார்த்தை. காலையிலிருந்து ஒரு கட்டு டீ-ஷர்ட் முடியும் வரை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். பிறகு தூணைச் சுற்றிப் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். எனக்கு வாய் குழறிவிட்டது.

"இந்த வருசம் நா... ரயிலு பாக்கப் போலாம்னு இருக்கறனுங்க."

ஓர் எழுத்து போய்விட்டது. நாம என்பது நா ஆகிவிட்டது.

அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. அப்புறம் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"மொதத் தடவையா போறீங்க? அப்பக் கேளுங்க."

அன்று அவர் எனக்குச் சொன்னதைப் போல வேறு யாருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை. கதவு திறக்கும்போதே உள்ளே போய்விட வேண்டும். போனதும் எந்த மேசையிலும் நிற்கக்கூடாது. மண்டபம் முழுக்கச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றி, எது எங்கே இருக்கிறது என்று மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வாசல் பக்கத்து மேசையில்தான் எல்லாரும் அடைந்து நிற்பார்கள். அதைக் கடைசிக்கு விட்டுவிட்டு, பின்கோடியிலிருந்து பார்த்துக்கொண்டு வர வேண்டும்.

"நின்னுட்டுப் பாத்தா அது பொம்மைங்க. குனிஞ்சு, கண்ணு தண்டவாளத்து மட்டத்துக்கு வந்தாத்தான் ரயிலு. வெக்கப்படாமக் குனியுங்க. வண்டி ஓட்டறவங்க பெரிய பெரிய ஆளுங்களா இருப்பாங்க, ஆனாக் கேட்டாச் சொல்லுவாங்க. கேக்கறதுக்குத்தான் அவங்க காத்துக்கிட்டு நிக்கறாங்க. கேளுங்க."

"சரிங்க."

"நடுவுல ஒரு மலை இருக்கும். அதுல ஒரு சுரங்கம். அதுதான் முக்கியமுங்க. ஒருத்தரு இந்த வாய்ல நிக்கோணும், ஒருத்தரு அந்த வாய்ல நிக்கோணும். வண்டி உள்ள போனதும் இவரு 'போயிருச்சு'ங்கோணும். அது ரொம்ப நேரம் உள்ளயே இருக்கும். எங்க போச்சுன்னே தெரியாது. அப்பறம் அந்தப் பக்கத்துலிருந்து 'வந்துருச்சு'ன்னு கொரலு வரோணும். அவ கத்துனா மண்டபமே திரும்பிப் பாத்துச்சுங்க." சொல்லிவிட்டுத் துணியை எடுத்து மேசையில் போட்டார். "நல்லாப் பாத்துட்டு வாங்க."

நீங்களும் வாங்க என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். போன வருடம் இரண்டு வண்டியை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவர் தானாக வருகிறேன் என்று சொல்வாரா? கூப்பிடாத இடத்துக்கு எங்கள் பக்கத்து ஆள் வரமாட்டார். எனக்கு அது தெரியும். தெரிந்தும், "வர்றனுங்க" என்று சொல்லிவிட்டு என் மேசைக்குத் திரும்பிவிட்டேன்.

அவர் சொன்னபடியே போனேன். கதவு திறக்கும்போது நான் நான்காவது ஆள். நிற்காமல் ஒரு சுற்றுச் சுற்றினேன். பின்கோடியில் ஆரம்பித்தேன். மேசைகளைச் சுற்றிப் பச்சைத் துணி தொங்கவிட்டிருந்தார்கள். மடிப்பு கலையாமல் அப்படியே மாட்டியிருந்தது, தேய்த்துத் தரலாமே என்று கை பரபரத்தது. குனிந்தேன். அவர் சொன்னது சரி. தண்டவாளத்து மட்டத்துக்குக் கண் போனதும் அது பொம்மையாக இல்லை. ஒரு ஸ்டேஷனில் ஒரு பெண் குடையோடு உட்கார்ந்திருந்தாள். வண்டி வந்து நின்று போயிற்று. அவள் ஏறவில்லை. ஏற முடியாது, பசை போட்டு ஒட்டியிருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

வெள்ளை மீசைக்காரர் ஒருவர் மேசைக்கு உள்பக்கம் நின்று வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். "எந்த ஊர்லிருந்து வர்றீங்க?" என்று கேட்டார். திருப்பூர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். கேளுங்க என்றுதான் செக்கிங்காரர் சொல்லி அனுப்பினார். அது ஒன்றை மட்டும் என்னால் செய்ய முடியவில்லை.

மலை அப்படியே இருந்தது. சுரங்கத்தின் இந்த வாயில் போய் நின்றேன். பச்சை நிற எஞ்சின் எட்டுப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வந்து உள்ளே போயிற்று. கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கும் மறைந்தது. காத்திருந்தேன். அந்த வாய் மலைக்குப் பின்னால், சுற்றி வளைத்து வேறு பக்கத்தில் இருந்தது. இங்கிருந்து பார்த்தால் தெரியாது. சற்று நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து யார் யாரோ கைதட்டினார்கள்.

அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. அவர் சொல்லிக் கொடுத்தது இரண்டு பேருக்கு. வந்திருப்பது நான் ஒருவன்.

அடுத்த முறை வண்டி உள்ளே போனதும் வேகமாக நடந்து அந்தப் பக்கம் போனேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போவதற்குள் கடைசிப் பெட்டி மட்டும் தெரிந்தது. இன்னொரு முறை போனேன். அதுவும் தெரியவில்லை. மூன்றாவது முறை கிட்டத்தட்ட ஓடினேன். ஒரு வாட்ச்மேன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏனுங்க, கூட வந்தவங்களக் காணமுங்களா? மைக்குல சொல்லச் சொல்லட்டுங்களா?"

"இல்லீங்க" என்றேன். "கூட யாரும் வரலீங்க."

மதியத்துக்கு முன்பே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை டீ மணி அடித்ததும் அவரே என் மேசைக்கு வந்தார். இரண்டாவது தடவை. குடையோடு இருந்த பெண்ணைப் பற்றிச் சொன்னேன். குனிந்து பார்த்ததைச் சொன்னேன். நான் தொடர்ந்து அவ்வளவு பேசி அந்த செக்ஷனில் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஓவர்லாக் அக்கா, "ஊமை வாயத் தொறந்துருச்சு, மழை வரும்" என்றார். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"சுரங்கம்?"

"பாத்தனுங்க."

"உள்ள போறதப் பாத்தீங்களா?"

"பாத்தனுங்க."

"வெளிய வந்தத யாருங்க சொன்னாங்க?"

இப்படிக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. யாரும் சொல்லவில்லை, மூன்று முறை சுற்றி ஓடினேன், நீங்கள் வந்திருக்க வேண்டும் என்பதுதான் பதில். அதைச் சொன்னால், அவர் சொல்லி அனுப்பியது வீணாகப் போனது போல ஆகிவிடும். தனியாக ஓடிய மனிதனை அவர் கற்பனை செய்து பார்ப்பார். எனக்கு வெட்கமாக இருந்தது.

"கூட ஒருத்தரு வந்திருந்தாருங்க" என்றேன்.

அவர் டீ கிளாஸைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார். "ஆளு கெடச்சுதுங்களா. நல்லதுங்க. ஒண்டியாப் பாக்கற சமாச்சாரம் இல்லீங்க அது" என்றார். தூணைச் சுற்றிக்கொண்டு அவர் இடத்துக்குப் போனார்.

அடுத்த வருடம் கண்காட்சிக்கு முன் அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார். "இந்தத் தடவ புதுசா ஒரு பாலம் போட்டிருக்கறாங்களாமுங்க. உங்க ஆளுகிட்டயுஞ் சொல்லுங்க. அவர அந்த வாய்க்கு அனுப்பிச்சுட்டு நீங்க பாலத்துல நின்னீங்கன்னா ரெண்டையும் பாக்கலாம்."

நான் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஆவி எழுந்து முகத்தை மறைத்தது. "சொல்றனுங்க" என்றேன்.

அதற்கு அடுத்த தை மாதம் அவர் வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். போகும்போது எனக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை, நான் எங்கும் புறப்படவில்லையே. இத்தனைக்குப் பிறகு நான் அடிக்கடி நினைப்பது அவர் போன நாளை அல்ல. அந்தப் பாலம் போட்ட வருடத்துக் கண்காட்சி ஞாயிற்றுக்கிழமையை.

அன்று நான் போகவில்லை. மதியம் தயிர் வாங்கக் கடைக்குப் போனேன். அவர் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போகலாம் என்று நினைத்தேன், வெயிலுக்குச் சோம்பல்பட்டு நேராகவே நடந்தேன். அவர் வாசலில் நின்று ஈர வேட்டியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த தயிர்ப் பாக்கெட்டைப் பார்த்தார்.

"போகலீங்களா?"

"இல்லீங்க. அவருக்கு... வேலை வந்துருச்சுங்க."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிமேல் போட்ட துணியை அப்படித்தான் பார்ப்பார். துணியைப் பார்க்காமல் அதற்குப் பின்னாலிருக்கும் வெளிச்சத்தைப் பார்ப்பார். அங்கே யாரும் கிடையாது, போன வருடமும் கிடையாது என்பதை அவர் அந்த ஒரு நிமிடத்தில் கண்டுவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். வேட்டியின் சுருக்கத்தை இழுத்துவிட்டார்.

"உள்ள வாங்க. சாப்புட்டுட்டுப் போலாம். ரெண்டு பேருக்கு ஆகும்."

"இருக்கட்டுங்க" என்றேன்.

சாப்பிடக் கூப்பிட்டால் முதலில் இருக்கட்டுங்க என்றுதான் யாரும் சொல்வார்கள். கூப்பிட்டவர் இன்னொரு தடவை கூப்பிடுவார். அட வாங்க என்பார், கையைப் பிடித்து இழுக்கவும் செய்வார். அப்புறம் உள்ளே போய் உட்காருவது வழக்கம். நான் அந்த இரண்டாவது தடவைக்காக நின்றேன். என் கால் ஏற்கெனவே அவர் வாசல் பக்கம் திரும்பியிருந்தது.

அவர் தலையை ஆட்டினார். "செரிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கதவைச் சாத்தவில்லை. உள்ளே தட்டு எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. கொடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அது நிற்கிற வரைக்கும் நின்றிருப்பேன். பிறகு தயிர் புளித்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு என் அறைக்கு நடந்தேன்.